ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

1953-ஆம் ஆண்டு, ஐரோப்பாவின் புகழ்பெற்ற கார் பந்தயமான மான்டி கார்லோ ராலியில் ஃபோர்டு ஜெஃபிர் காரை ஓட்டி முதலிடம் பிடித்தார் மாவுஸ் காட்சோனிடெஸ். ஜாவா தீவில் பிறந்த நெதர்லாந்துக்காரர். கார் பந்தயத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வளைவுகள்தான். எந்த வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் அடுத்த முறை இன்னும் வேகமாகத் திரும்ப முடியும். அதை அளக்க அவரே ஒரு கருவி செய்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைப் போட்டார். முதல் குழாய்மீது சக்கரம் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதன்மீது ஏறியதும் நின்றுவிடும். குழாய்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

காவல்துறைக்கும் இப்படி ஒரு கருவி தேவைப்பட்டது. 1958-இல் அவர் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு ரேடார் வைத்த கேமராக்களைச் செய்து பல நாடுகளுக்கு விற்றது. இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று ஒருவர் செய்த கருவியின் வழிவந்தவைதான், வேகமாகப் போகாதே என்று சொல்லிச் சாலையோரக் கம்பங்களில் நிற்கும் அந்தப் பெட்டிகளில் பல.

ரேடார் எப்படி வேகத்தை அளக்கிறது? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் ஒலி உயர்ந்து கேட்கும். நம்மைக் கடந்து போனதும் சட்டென்று தணிந்துவிடும். கவனித்திருப்பீர்கள். வரும்போது ஒலி அலைகள் நெருக்கிக்கொண்டு வருகின்றன, விலகும்போது இழுபட்டு வருகின்றன. இதை 1842-இல் கணக்கிட்டுச் சொன்னவர் ஆஸ்திரிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் சொன்னது சரிதானா என்று 1845-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகருக்கு அருகே பைஸ் பாலட் என்பவர் சோதித்துப் பார்த்தார். ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி ஒரே சுரத்தை விடாமல் ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில், சுரத்தில் இம்மியளவு மாற்றம் வந்தாலும் கண்டுபிடிக்கக்கூடிய இசைக்கலைஞர்களை நிறுத்தினார். ரயில் நெருங்கும்போது சுரம் ஏறியது, விலகும்போது இறங்கியது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

வேகக் கேமராவில் ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. பரவலாகப் பயன்படும் ஒரு வகை ரேடார், நொடிக்கு 2,412 கோடி அதிர்வுகள் கொண்ட அலையைச் சாலையை நோக்கி அனுப்பும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும் அலையில் நொடிக்குச் சுமார் 2,680 அதிர்வுகள் கூடியிருக்கும். இத்தனை கோடியில் வெறும் 2,680! ஆனாலும் அனுப்பிய அலையையும் திரும்பி வந்த அலையையும் ஒன்றாகக் கலந்தால் அந்த வித்தியாசம் மட்டும் தனியே பிரிந்து வந்துவிடும். ஒலிபெருக்கியில் இணைத்தால் விசில் சத்தமாகக் காதிலேயே கேட்கும். கார் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த விசில் பாதியாகி 1,340 அதிர்வுக்கு இறங்கிவிடும்.

ரேடார் தவறாகக் காட்டிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். காட்சோனிடெஸ் நிறுவனத்தின் பழைய கேமராக்கள் அரை நொடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். அந்த இடத்தில் சாலையின்மீது சம தூரத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே கார் எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணினால் போதும். அரை நொடியில் 8.3 மீட்டர் நகர்ந்திருந்தால் வேகம் 60. ரேடாரை நம்பாதவரும் கோட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அளந்தாகிவிட்டது. இந்தக் கேமராக்களாலும், ‘வேகம் 30’ என்று எழுதிய பலகைகளாலும் உயிர்கள் உண்மையாகவே பிழைக்கின்றனவா? பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். “எல்லாம் அபராதம் வசூல் பண்ணத்தான்” என்பார் ஒருவர். “ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஐம்பதும் ஒண்ணுதான், அறுபதும் ஒண்ணுதான்” என்பார் இன்னொருவர். அந்த இரண்டாமவர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குப் பென்சிலும் தாளும் போதும்.

ஒரே சாலையில் இரண்டு கார்கள் இணையாக வருகின்றன. ஒன்றின் வேகம் 50, மற்றதன் வேகம் 60. முன்னே ஒரு சிறுமி பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடி வருகிறாள். இரண்டு டிரைவர்களும் அவளை ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு நொடி ஆகிவிடும். அந்த ஒரு நொடியும் கார் பழைய வேகத்திலேயே ஓடும். 50-இல் வந்த கார் அதற்குள் 13.9 மீட்டர் போய்விடும். 60-இல் வந்தது 16.7 மீட்டர் போய்விடும்.

இனி பிரேக். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை. ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-இல் வந்த கார் இன்னும் 13.8 மீட்டர் ஓடி நிற்கும். ஆக மொத்தம் 27.7 மீட்டர். அந்த இடத்தில்தான் சிறுமி நிற்கிறாள் என்றால், கார் அவளைத் தொடாமல் நின்றுவிட்டது.

அதே 27.7 மீட்டரில் மற்றொரு கார் என்ன வேகத்தில் இருக்கும்? முதலில் பிரேக் பிடிக்கும் முன்பே அது 16.7 மீட்டரைத் தின்றுவிட்டது. மீதி இருப்பது 11 மீட்டர்தான். நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்த வேகத்தின் வர்க்கத்திலிருந்து, 2 × 7 × 11 என்ற பெருக்குத்தொகையைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு அக்காவோ அண்ணனோ உதவுவார்கள். விடை நொடிக்கு 11.1 மீட்டர். அதாவது மணிக்கு 40 கி.மீ.

மீண்டும் ஒருமுறை படியுங்கள். 50-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 60-இல் வந்த கார் இன்னும் 40-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவர் எவ்வளவு திறமைசாலி என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கண், ஒரே கால், ஒரே பிரேக்தான் கொடுத்தோம்.

காரணம், ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்பது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம். 60 கி.மீ. வேகத்துக்கு 14 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஏறக்குறைய நான்கு மாடி. மனித உடலின் எலும்பும் மூளையும் முதலாவதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதைப் பல நேரம் தாங்காது.

“அப்படியென்றால் குழந்தைகள்தானே பார்த்துக் கடக்க வேண்டும்?” என்று கேட்பார்கள். நீங்களும் இதற்காகத் திட்டு வாங்கியிருப்பீர்கள். இதைப் பற்றி லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஆய்வு செய்தார்கள். நேராக நம்மை நோக்கி வரும் கார் இடமோ வலமோ நகர்வதில்லை. நம் கண்ணில் விழும் அதன் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, அவ்வளவுதான். அது எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் மூளை வேகத்தைக் கணிக்கிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் மூளையில் இந்தத் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் வரும் வண்டி நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பதையே அவர்களால் நம்பகமாகக் கணிக்க முடிவதில்லை என்று அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே வேகமாக வரும் வண்டியைக் குழந்தை ‘பார்க்காமல்’ கடப்பதில்லை. பார்க்கிறது, ஆனால் வண்டி நிற்கிறதா வருகிறதா என்று புரிவதில்லை. இது கவனக்குறைவு அல்ல, வயது. இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கண்ணை நம்மால் மாற்ற முடியாது. வண்டியின் வேகத்தைத்தான் மாற்ற முடியும்.

அடுத்தது முதல் ஆளின் சந்தேகம்: கேமரா வைத்தால் விபத்து குறைகிறதா? இதற்கு விடை காண்பது கொஞ்சம் சிக்கல். ‘போன வருடம் அந்த முக்கில் 10 விபத்து, கேமரா வைத்தபின் 6 விபத்து, ஆகவே கேமரா நல்லது’ என்று சொல்லிவிடலாம்தானே? சொல்லக் கூடாது. ஏன் என்று உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள்.

வகுப்பில் 36 பேர் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு சாலை முக்கு. ஒவ்வொருவரும் இரண்டு தாயக்கட்டைகளை, ஒன்று முதல் ஆறு வரை புள்ளி போட்டவற்றை, உருட்டுங்கள். இரண்டின் கூட்டுத்தொகைதான் உங்கள் முக்கில் அந்த ஆண்டு நடந்த விபத்துகளின் எண்ணிக்கை. பத்தோ அதற்கு மேலோ விழுந்தவர்கள் எல்லாம் ‘ஆபத்தான முக்கு’. ஏறத்தாழ ஆறு பேர் இருப்பார்கள். அவர்கள் கையில் மட்டும் காகிதத்தில் வரைந்த ஒரு கேமராவைக் கொடுங்கள். இப்போது மறுபடி உருட்டச் சொல்லுங்கள். அந்த ஆறு பேரின் சராசரி பத்துக்குக் கீழே, பெரும்பாலும் ஏழுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காகிதக் கேமரா விபத்தைக் குறைத்துவிட்டதா? அது ஒன்றுமே செய்யவில்லை! போன தடவை தற்செயலாகப் பெரிய எண் விழுந்தவர்களையே நாம் பொறுக்கி எடுத்தோம். அடுத்த தடவை அவர்களுக்கும் எல்லோருக்கும் விழுவதுபோல விழுந்துவிட்டது.

நிஜச் சாலைகளிலும் இந்த ஏமாற்று நடக்கும். விபத்து அதிகமான இடத்தில்தான் கேமரா வைக்கிறார்கள். கேமரா வைக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு அங்கே விபத்து கொஞ்சம் குறைந்திருக்கும். கேமராவை எதிர்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது அது நியாயமான கேள்வியாகவே இருந்தது. அதனால் நல்ல ஆய்வாளர்கள் கேமரா வைத்த முக்கை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை. அதே அளவு ஆபத்தான, ஆனால் கேமரா வைக்காத முக்குகளையும் பல ஆண்டுகள் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். தாயக்கட்டை விளையாட்டில், பத்தோ அதற்கு மேலோ விழுந்த ஆறு பேரில் மூன்று பேருக்கு மட்டும் காகிதக் கேமரா கொடுத்து மற்ற மூன்று பேருடன் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அதே முறைதான்.

மருத்துவ ஆய்வுகளைச் சலித்தெடுப்பதில் பெயர்பெற்ற காக்ரேன் அமைப்பு, வேகக் கேமராக்களைப் பற்றி உலகின் பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேகரித்து 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்து எண்ணிக்கையை அளந்த 28 ஆய்வுகளிலும், ஒன்று விடாமல், கேமரா வைத்த பகுதியில் விபத்து குறைந்திருந்தது. உயிர்ப்பலியும் படுகாயமும் நேர்ந்த விபத்துகள் கேமராவின் அருகே 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. எல்லா ஆய்வுகளும் ஒரே தரத்தில் இல்லை, ஆகவே பயன் இவ்வளவுதான் என்று ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது என்பதையும் அறிக்கை ஒளிக்காமல் சொன்னது. தற்செயலைக் கழித்த பிறகும் கேமராவின் பயன் மிஞ்சுகிறது. என் முடிவும் அதுதான்: கேமரா உயிர் காக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்த டிரைவர்கள் அதன் அருகே பிரேக் போட்டு, தாண்டியதும் மறுபடி விரட்டுகிறார்கள். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான கேமராக்களைப் பற்றி லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நடந்த ஓர் ஆய்வு, கேமராவைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெரிய பயன் இருப்பதையும், ஒன்றரை கி.மீ. தாண்டியபின் விபத்து திரும்பக் கூடுவதற்கான அறிகுறி இருப்பதையும் காட்டியது. இதற்கு மாற்றாக வந்ததுதான் சராசரி வேகக் கேமரா. சாலையின் ஓரிடத்தில் ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பல கி.மீ. தள்ளி இன்னொரு கேமரா அதே நம்பர் பிளேட்டை மறுபடி படிக்கும். நடுவே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் முடிந்தது. கேமரா அருகே மட்டும் மெதுவாகப் போய் ஏமாற்ற முடியாது. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் முதல் இன்வர்னஸ் வரை செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில் 2014-இல் இவற்றை வைத்தார்கள். வைக்கும் முன் பலத்த எதிர்ப்பு. வைத்தபின் வேக வரம்பை மீறுவது வெகுவாகக் குறைந்தது.

அபராதத்துக்காகத்தான் கேமரா என்பவர்களுக்குச் சுவீடன் நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கே கேமராவுக்கு முன்பாகவே அறிவிப்புப் பலகை வைத்துவிடுகிறார்கள். வண்டி மெதுவானால் போதும், பணம் வராவிட்டால் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. 2010-இல் ஸ்டாக்ஹோமில் ஒரு புதுமையும் செய்து பார்த்தார்கள். வேக வரம்புக்குள் ஓட்டியவர்களையும் கேமரா படமெடுத்தது. மீறியவர்கள் கட்டும் அபராதத்திலிருந்து, ஒழுங்காக ஓட்டியவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் பரிசு என்பது யோசனை! அந்த நாட்களில் அந்தச் சாலையின் சராசரி வேகம் 32-இலிருந்து 25 கி.மீ.க்கு இறங்கியது.

7 கி.மீ. குறைந்ததில் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். வேக வரம்பு மாற்றப்பட்ட சாலைகளின் கணக்குகளை ஆராய்ந்து சுவீடனின் யோரான் நில்சன் ஒரு விதியைக் கண்டார். ஒரு சாலையின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் அங்கே உயிர்ப்பலி விபத்துகள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். வேகம் கூடக்கூட மோதும் வாய்ப்பும் கூடுகிறது, மோதினால் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது; இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன. மறுபக்கம், வேகத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 5 கி.மீ. தூரத்தை 60-இல் ஓட்டினால் 5 நிமிடம், 50-இல் ஓட்டினால் 6 நிமிடம். நடுவே ஒரு சிகப்பு விளக்கு விழுந்தால் அந்த ஒரு நிமிடமும் போச்சு.

பலகை மட்டும் நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அகலமாக, நேராக, வழவழப்பாகச் சாலை போட்டுவிட்டு ஓரத்தில் ‘30’ என்று எழுதினால் டிரைவரின் கால் கேட்காது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30. அதோடு தெருக்களைக் குறுக்கினார்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கினார்கள், கேமரா வைத்தார்கள். 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரையான 12 மாதங்களில் அந்த நகரத்தில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

நம் நாட்டில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். காவல்துறைப் பதிவுகளின்படி இவற்றில் பத்தில் ஏழு மரணங்கள் அதிவேகத்தால் நேர்ந்தவை. இந்த எண்களை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இவற்றில் பெரும்பகுதி நடக்க வேண்டிய அவசியமே இல்லாதவை. சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. வரம்பு அறிவித்தார்கள். அறிவிப்பு சரியானதுதான். தெருவில் அது நடக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை நீங்களே பார்க்கலாம். ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு, பள்ளிச் சுற்றுச்சுவருக்கு உள்ளே நின்றபடி செய்யுங்கள். சாலையில் இறங்கவே வேண்டாம். வெளியே தெரியும் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று பெரியவர்களை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 50 மீட்டர் என்றால் கணக்கு சுலபம்: அதை 6 நொடிக்குள் கடக்கும் வண்டி 30-க்கு மேல் ஓடுகிறது, 3 நொடியில் கடந்தால் 60. ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும், ஒருவர் எழுதட்டும். பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு வாரம் எழுதுங்கள். அந்தத் தாளைத் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு உங்கள் ஊராட்சித் தலைவரிடமோ வார்டு கவுன்சிலரிடமோ கொடுத்து, பள்ளி வாசலில் வேகத்தடையும் கடக்கும் கோடும் வேண்டும் என்று கேளுங்கள்.